வேறொருவருடைய டிஸ்க்

என் முதல் கொம்பியூட்டரைப் பாகம் பாகமாக நானே பூட்டி எடுத்தேன். போர் நடந்துகொண்டிருந்த காலம். கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், கண்டி நகரில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை. வயது முப்பத்தாறு. கலியாணம் ஆகவில்லை.

முழுதாக ஒரு கொம்பியூட்டர் வாங்க எனக்குக் கட்டாது. அதனால் மாதத்துக்கு ஒரு பாகமாக வாங்கினேன். அக்குறணையில், மாத்தளை வீதியோரமாக, ஒரு புடவைக் கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான ஒரு கடை இருந்தது. ரேடியோ திருத்திக்கொண்டிருந்த முதலாளி அப்போதுதான் கொம்பியூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். அவர் முஸ்லிம்; அண்ணாவுக்கு அவர்கள் சொல்வதுபோல நான் அவரை நானா என்பேன். அவருக்கு நான் மிஸ். முதலில் பெட்டி, பிறகு மதர்போர்ட், பிறகு மெமரி என்று ஒவ்வொன்றாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே சேர்த்தேன். கடைசியாக வந்தது ஹார்ட் டிஸ்க். அதை அவர் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் என் கையில் தந்தார்.

"நானே வந்து பூட்டித் தாறேன் மிஸ்," என்றார்.

"வேண்டாம் நானா. பிழைச்சால் கொண்டு வாறன்."

பிழைக்கத்தான் செய்தது. நாடா வயரின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் தொடங்கி, ஒரு நாடாவில் எது தலைமை என்று சொல்ல டிஸ்கின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கறுப்பு ஜம்பரை எந்த ஊசிகளில் மாட்டுவது என்பது வரை எல்லாவற்றையும் ஒருமுறை பிழையாகச் செய்துதான் சரியாகச் செய்யப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரையில் எழுத்து ஓடியபோது வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்துவிட்டு, படம் எப்போது வரும் என்று கேட்டார்.

அந்தக் கொம்பியூட்டரில் இரண்டு வேலைகள் செய்தேன்.

ஒன்று, ஒரு சொற்றொகுதி. காரியாலயத்துக்கு வரும் சுற்றறிக்கைகளிலும் படிவங்களிலும் உள்ள சிங்களச் சொற்களுக்குத் தமிழ் தேடித் தேடி, பழைய கடிதங்களின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். ஆறேழு வருடத்துச் சேகரிப்பு. அவற்றையெல்லாம் தட்டச்சு செய்தேன். தட்டச்சு செய்த தாள்களைக் கிழித்து எறிந்தேன். அறையில் இடமில்லை, டிஸ்கில் ஏறியது இனி அழியாது என்ற நினைப்பும் இருந்தது.

மற்றது, கடிதங்கள். கொழும்பிலும் கண்டியிலும் சாப்பாட்டுக் கடைகளில் வேலைசெய்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களின் வீட்டார் காரியாலயத்துப் படிக்கட்டில் வந்து நிற்பார்கள். யாருக்கு எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வரச்சொல்லி எழுதிக்கொடுத்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிடித்த இடம், பிடித்த நாள், யார் பார்த்தது என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோப்பு. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வயதுதான் இருக்கும். அவளுடைய கணவனை நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில், அடுப்புக்கு முன்னாலிருந்து கொண்டுபோயிருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சொற்றொகுதிக்கும் அவளிடம் சொல் கேட்டேன். காலையில் ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு என்ன பெயர் என்றேன்.

"பிரட்டுக்களம்னு சொல்லுவோம்மா," என்றாள்.

அதையும் ஏற்றினேன். யாழ்ப்பாணத்தில் யாருக்கும் தெரியாத சொல்.

காரியாலயத்தில் என்னோடு இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எங்கள் அயலூர்க்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர். மனைவி, ஒரு மகள் என்று அரசாங்க விடுதியில் குடியிருந்தார். நல்ல சிங்களம். பெரியவர்களோடு நன்றாகப் பழகுவார். என்னை அக்கா என்பார். மனைவி செய்யும் தோசையும் சம்பலும் திங்கட்கிழமைகளில் எனக்கும் ஒரு பொதி வரும். ஊர்ப் பக்கத்துப் பாதை மூடியிருந்த நாட்களில் அம்மாவின் கடிதம் செஞ்சிலுவை மூலம் வந்து சேரும்போது, அதை என்னோடு சேர்ந்து வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்த ஒரே ஆள் அவர்தான். அவரிடமும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. பழையது. அடிக்கடி நின்றுவிடும் என்று குறைப்படுவார். சொற்றொகுதி எந்த எழுத்துவரை வந்துவிட்டது என்று வாரம் ஒருமுறை கேட்பார்.

கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. அடுத்த நாட்களில் கண்டியிலும் வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டுக்கு விடியற்காலையில் வந்தார்கள். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, இந்தப் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வந்த பொலிஸ்காரர் அலுமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் நின்றார். இதற்கு டெலிபோன் இணைப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். என்ன எழுதுகிறாய் என்றார். காரியாலய வேலை என்றேன். அவர் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

அன்று காரியாலயத்தில் நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்ததை அயலூர்க்காரர் பார்த்திருக்கவேண்டும்.

"அக்கா, அதை அங்க வச்சிருக்காதேங்கோ," என்றார். "திரும்பி வந்தாங்களெண்டால் கொண்டு போயிடுவாங்கள். அந்தக் கடிதங்களும் அதிலதானே கிடக்கு?"

"ஓம்."

"என்ர விடுதியில கொண்டுவந்து வையுங்கோ. அங்க ஒருத்தரும் சோதிக்க வரமாட்டினம். நிலைமை சரிவரத் திருப்பித் தாறன்."

அழித்துவிடலாமே என்று நானே கேட்டேன். அவர்தான் வேண்டாம் என்றார். அந்தச் சனங்களுக்கு நாளைக்கு அது தேவைப்படும், என்ன கஷ்டப்பட்டு எழுதினீங்கள் என்றார். அன்று பின்னேரமே ஒரு முச்சக்கர வண்டியில் வந்து, பெட்டியைப் படுக்கை விரிப்பால் மூடிக் கொண்டுபோனார். சோதனைச் சாவடியைக் கடந்து அதைக் கொண்டுபோக எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் அவருக்காகச் சாமி கும்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. அவர் முகம் வாடியிருந்தது.

"அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு. ஈரம் பிடிச்சிடுமெண்டு ஒருநாள் போட்டுப் பாத்தனான். டிஸ்க் திறக்கேல்ல. ஒண்டும் வாசிக்கேல்ல. ஃபோமற் பண்ணித்தான் எடுக்கக்கூடியதா இருந்தது. எல்லாம் அழிஞ்சு போட்டுது."

"சொற்றொகுதியும்?"

"எல்லாம்."

நான் அழவில்லை. அவருக்குத்தான் ஆறுதல் சொன்னேன். என் பொருளைக் காப்பாற்றப் போய் மனுசன் இப்படிக் குற்ற உணர்ச்சியோடு நிற்கிறாரே என்று இருந்தது. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகுதான் அந்தக் கொம்பியூட்டர் என்னைப் படுத்தத் தொடங்கியது.

போட்டதும் திரை பெரிய பெரிய கட்டங்களாக, பதினாறு நிறத்தில் வந்தது. திரையை இயக்கும் சின்ன புரோகிராம், ட்ரைவர் என்பார்கள், அது இல்லை. சத்தம் இல்லை, அதற்குரிய ட்ரைவரும் இல்லை. ட்ரைவர்கள் எல்லாம் சீடியில் இருந்தன. ஆனால் சீடி ட்ரைவ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தேன். நான் சீடி ட்ரைவைத் தனி நாடாவில் பூட்டியிருந்தேன். இப்போது அதுவும் டிஸ்கும் ஒரே நாடாவில் இருந்தன. இரண்டின் ஜம்பரும் தலைமை இடத்தில். ஒரு வீட்டில் இரண்டு பேர் தலைவர் என்றால் எப்படி? பிரித்துத் தனி நாடாவில் போட்டேன். டிஸ்கின் ஒட்டி உள்பக்கம் மறைந்திருந்தது, அதை நான் பார்க்கவில்லை. சீடி வந்தது. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. டிஸ்கைச் சரிசெய்யப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே பதில் சொன்னேன்.

திரையின் ட்ரைவரை ஏற்றினேன். நிறம் வந்தது. அடுத்த நாள் காலை காரியாலயத்துக்கு வெளிக்கிட முன் போட்டுப் பார்த்தால் திரும்பவும் பதினாறு நிறம். நேற்று எழுதிய கோப்பை இன்று வாசிக்க முடியவில்லை என்றது. திரும்ப ஏற்றினேன். சத்தம் வந்தது, திரை போனது. திரை வந்தது, தமிழ் எழுத்துரு போனது. தட்டச்சு செய்த ஒரு பக்கம் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நின்றது. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். வயரை மாற்றினேன். எல்லா ட்ரைவரையும் அழித்து, ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்குப் பின்னும் நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். இப்படியே ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் டிஸ்கைப் பரப்புப் பரப்பாகச் சோதிக்கும் வேலையைக் கொடுத்தேன். அது பாதிநாள் ஓடியது. திரையில் கெட்ட இடங்களைக் குறிக்கும் எழுத்து வரிசை வரிசையாக விழுந்தது. டிஸ்கிலிருந்து நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

ட்ரைவரில் பிழை இல்லை. அவற்றை எழுதிவைக்கும் டிஸ்க்தான் அழுகியிருந்தது. புது டிஸ்க், இரண்டு வருடம் ஆகவில்லை. எனக்கு அதை விற்ற நானாவில்தான் கோபம் வந்தது.

ஒரு சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்குறணை பஸ்ஸில் ஏறினேன். வழியில் இறக்கிச் சோதித்தார்கள். திறந்து காட்டு என்றான் ஒரு ஆமிக்காரன். ஸ்க்ரூ ட்ரைவரைக் கைப்பையிலிருந்து எடுத்து வீதியோரத்தில் குந்தியிருந்து திறந்தேன். பஸ் முழுவதும் யன்னலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

கடையில் சனம். நான் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"நானா, புதுசெண்டு சொல்லிப் பழைய டிஸ்கைத்தானே எனக்குத் தந்தனீங்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மிஸ் செல்றீங்க?"

"இரண்டு வருசத்தில அரைவாசி டிஸ்க் செத்துப்போச்சு. என்ர ஆறேழு வருச வேலை போட்டுது. பொம்பிளைதானே, என்ன விளங்கப்போகுதெண்டு தந்திருக்கிறீங்கள்."

கடையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவர் டிஸ்கைக் கழற்றினார். அதன் ஒட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கார்பன் பிரதியுள்ள ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இங்க பாருங்க மிஸ். நான் விக்கிற ஒவ்வொரு டிஸ்குட நம்பரையும் எழுதித்தான் வெச்சீக்கிறேன். ஒங்கட நம்பர் இது. இதுல ஈக்கிறது வேற நம்பர். கம்பனியும் வேற. இது நான் தந்த டிஸ்க் இல்ல."

"அதை நீங்கள்தானே எழுதினது? எதையும் எழுதலாம்."

அவருடைய முகம் சுருங்கியது. "வேற யாரும் இத தொறந்தாங்களா?"

"என்ர ஆக்கள் அப்படிச் செய்யமாட்டினம்," என்றேன்.

என்ர ஆக்கள். அந்தச் சொல்லைச் சொன்ன என் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அவர் புத்தகத்தை மூடினார். டிஸ்கைத் திரும்பப் பூட்டி, ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கி, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

இதற்கிடையில் மடுல்கெல்லப் பெண் வந்தாள். கணவனை வேறொரு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். புதிய இடத்தில் பழைய கடிதத்தின் பிரதி கேட்கிறார்களாம்.

"நீங்க எழுதிக் குடுத்த கடுதாசி மழையில நனைஞ்சிருச்சுங்கம்மா. அந்தப் பொட்டியில இருக்குமில்ல, இன்னொண்ணு எடுத்துக் குடுங்க."

இல்லை என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. பெட்டி அங்கேதானே இருக்கிறது என்று கையால் காட்டினாள். பிறகு மெதுவாக, "நாங்க போயிட்டு அடுத்த வாரம் வரவாம்மா?" என்றாள். அடுத்த வாரம் வந்தால் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கை. அவளைக் கதிரையில் இருத்தி, ஒரு தாளில் பேனாவால் முதலிலிருந்து எழுதினேன். பிடித்த தேதி அவளுக்கு மறந்துபோயிருந்தது. தீபாவளிக்கு முந்திய கிழமை என்றாள். முதல் கடிதத்தில் சரியான தேதி இருந்தது. குசினியில் கூட வேலைசெய்த ஒருவர் சொல்லி எழுதியது. அந்த ஆளும் இப்போது எங்கே என்று தெரியாது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் தீபாவளிக்கு முந்திய வாரம் என்றே எழுதினேன்.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு காரியாலயத்துக்கு ஒரு கட்டுப் புத்தகம் வந்தது. நீல அட்டை. ஆட்சிமொழிச் சொற்களின் கைநூல், எல்லாத் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் பயன்படுத்தவேண்டும் என்ற கடிதத்தோடு. தொகுத்தவர் என்று அயலூர்க்காரரின் பெயர் அட்டையிலேயே இருந்தது. அவர் அன்று விடுமுறை.

நல்ல மனத்தோடுதான் திறந்தேன். என்னிடம் சொல்லாமல் இவர் தானும் ஒன்று செய்துகொண்டிருந்தாரா என்று சின்ன ஆச்சரியம், அவ்வளவுதான். தற்செயலாக ஒரு பக்கம் விரிந்தது. ஒய்வூதியம் என்று இருந்தது. அடுத்த வரியில் ஒய்வுபெற்றவர். அதற்கடுத்த வரியில் ஒய்வு வயது.

நான் பயன்படுத்திய எழுத்துருவில் ஓகாரம் எந்த விசையில் இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் தெரியாமல் இருந்தது. பிறகு திருத்தலாம் என்று எல்லா இடத்திலும் குறிலையே தட்டிக்கொண்டு போனேன். திருத்தவில்லை. என் சோம்பல் அச்சில் ஏறி, அரசாங்கக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்திருந்தது. பகர வரிசையைப் புரட்டினேன். பிரட்டுக்களம் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்காதவரின் புத்தகத்தில்.

அன்று அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போனேன். அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் ஒரு புரோகிராம் ஒரு சீடியில் என்னிடம் இருந்தது. என் கோப்புகள் வருமா என்று அதை முன்பே ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஃபோமற் பண்ணினால் ஒன்றும் வராது என்று அவர் சொன்னதை நம்பி விட்டுவிட்டேன். இப்போது ஓட்டினேன். அரைகுறையாகத்தான் வாசித்தது, கெட்ட இடம் வரும்போதெல்லாம் தட்டிக்கொண்டு நின்றது. என்றாலும் சில கோப்புகள் வந்தன. என் கோப்பு ஒன்றுகூட இல்லை. ஒரு விடுமுறை விண்ணப்பம் வந்தது, அவருடைய பெயரில். மகளின் பாடசாலைக்கு ஒரு கடிதம். மனைவியின் கண்ணுக்கு வைத்தியரிடம் கொண்டுபோக எழுதிவைத்த கேள்விகள். நான் ஆறு ஞாயிற்றுக்கிழமை ட்ரைவர் ஏற்றி ஏற்றிப் போராடியது அவருடைய செத்த டிஸ்கோடு. என்னுடையது அவர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

தன் டிஸ்க் பழுதானதால் என்னுடையதை எடுத்தாரா, அதற்குப் பிறகு சொற்றொகுதி கண்ணில் பட்டதா. அல்லது சொற்றொகுதிக்காகவே பெட்டியைக் கேட்டாரா? அது எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாவது என்றால் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், காரியாலயத்துப் பின்படிக்கட்டில் அவரை மறித்தேன். விடுமுறை விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியை நீட்டினேன். அவர் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்றேன்.

"அக்கா, நீங்கள் அதை வச்சுக்கொண்டு என்ன செய்யப்போறீங்கள்? இன்னும் பத்து வருசத்துக்கு எழுதிக்கொண்டுதான் இருப்பீங்கள். நான் புத்தகமாக்கினன். எங்கட சனத்துக்குப் பயன்படும்."

"என்ர பேர் எங்க?"

"நன்றி எண்டு உங்களைப் பற்றி ஒரு வரி போட்டனான். அச்சில விட்டுப்போச்சு."

"நான் மேலதிகாரியிட்டப் போகப்போறன். என்ர டிஸ்கைத் தாங்கோ."

அவர் படிக்கட்டின் மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். கோபமாகப் பேசவில்லை, திங்கட்கிழமைப் பொதியைத் தரும்போது பேசும் அதே குரல்தான்.

"போங்கோ அக்கா. ஆனால் டிஸ்கைக் கேட்டால் டிஸ்கைக் காட்டவேண்டி வரும். அதில சொற்றொகுதி மட்டும் இல்லையே. பிடிபட்ட ஆக்களின்ர பேர், நம்பர், கண்ட ஆக்களின்ர பேர் எல்லாம் கிடக்கு. அரசாங்க உத்தியோகத்தில இருந்துகொண்டு எழுதினது. நான் ஒண்டும் செய்யமாட்டன். அது என்னட்டப் பத்திரமாக் கிடக்கு. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

கடிதங்களை அழிக்கவேண்டாம் என்று அன்றைக்கு என்னைத் தடுத்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே இதை நினைத்துத்தான் சொன்னார் என்று நான் நம்பவில்லை. அப்படி நினைத்திருந்தால் அவர் ஒரு பொல்லாத மனிதர், அதோடு கதை முடிந்துவிடும். அன்றைக்கு அவர் உண்மையாகவே இரங்கித்தான் சொன்னார். பிறகு அந்த இரக்கத்தின் மிச்சத்தை எடுத்து என் கழுத்தில் வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேலதிகாரியிடம் நான் போகவில்லை. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை என்று ஒருநாள் துணிவேன். மடுல்கெல்லப் பெண்ணின் முகம் வரும், துணிவு போய்விடும். அந்தக் கோப்புகளில் இருபது வீட்டார் இருந்தார்கள். நீலப் புத்தகம் என் மேசையில் இருந்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்கவேண்டும். ஒய்வூதியம் என்று வரும் இடத்தில் நான் ஓய்வூதியம் என்று எழுதினேன். கைநூலின்படி எழுதவில்லை என்று ஒருமுறை சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமைப் பொதி நின்றுவிட்டது. அவருடைய மனைவிக்குக் காரணம் தெரியாது போல. ஒருநாள் சந்தையில் கண்டு, "ஏனக்கா எங்களை மறந்திட்டீங்கள்?" என்று என் கையைப் பிடித்தார். வேலை கூடிப்போச்சு என்று சொன்னேன்.

அக்குறணைக்குப் போக எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. போன நேரம் கடையில் யாரும் இல்லை. நானா ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்கை மாற்றியது யார் என்று சொன்னேன். கடிதங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் உங்களைப் பேசினது பிழை நானா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அண்டைக்கு கடையில ஆறு பேர் நிண்டாங்க மிஸ்," என்றார். "எங்கட ஊர் ஆக்கள். ஒத்தர் பொறகு வரவே இல்ல. இப்ப நீங்க செல்றத கேக்க யாரு ஈக்கிறாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசலோரத்து வாங்கில் உட்கார்ந்தேன். அவர் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு டோர்ச்சுக்கு பற்றரி வாங்க ஒருவரும், திருத்தக் கொடுத்த கசெற் ரெக்கோர்டரைக் கேட்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். நான் எழும்பினேன். இந்த முதலாளி எனக்குப் பழைய டிஸ்க் விற்றார் என்று இந்தக் கடையில் நின்று சொன்னவள் நான், அது பொய், பிழை என்னுடைய ஆள் செய்தது என்று சொன்னேன். வந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பற்றரிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் காது சுட்டது.

"போதும் மிஸ்," என்றார் நானா. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டில் எதையோ தேடினார். "அடுத்த கெழம பொட்டிய கொண்டாங்க. வேற டிஸ்க் ஒண்டு போட்டுப் பாப்பம்."

போட்டோம். ட்ரைவர்களெல்லாம் ஒரே தடவையில் ஏறின. அதற்குப் பிறகு ஒருநாளும் திரை நிறம் மாறவில்லை. ஆனால் அந்தக் கொம்பியூட்டரில் நான் சொற்றொகுதி எழுதவில்லை. ஒருமுறை அகரத்தில் தொடங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் தட்டும்போது இது நீலப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று மனம் ஓடியது. நிறுத்திவிட்டேன். கடிதங்களைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மடுல்கெல்லப் பெண்ணின் கணவன் பதினான்கு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தான். நான் எழுதிய கடிதத்தாலா, தானாகவா என்று யாருக்கும் தெரியாது. இருவரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது அவன் கதவை மிக மெதுவாகச் சாத்தினான்.

இரண்டு வருடம் கழித்து அயலூர்க்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். கைநூலைத் தொகுத்தவர் என்பது அந்தப் பயணத்துக்கு உதவியதாகப் பேசிக்கொண்டார்கள். காரியாலயத்தில் பிரியாவிடை வைத்தார்கள். வாழ்த்து மடலைச் சிங்களத்தில் எழுதி, தமிழில் ஆக்கித் தரும்படி என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். ஆக்கிக் கொடுத்தேன். மொழிக்கு அவர் செய்த தொண்டு என்று ஒரு வரி இருந்தது. அதையும் விடாமல் ஆக்கினேன்.

கேக் வெட்டி முடிந்து எல்லோரும் கலையும்போது அவர் என்னிடம் வந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றாக வளர்ந்திருந்தாள்.

"அக்கா, கவனமா இருங்கோ," என்றார்.

"ஓம்," என்றேன்.

அது அக்கறையா எச்சரிக்கையா என்று அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. அந்த டிஸ்கை என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. மகள் நிற்கிறாளே என்று விட்டுவிட்டேன். அவர் அதைக் கொண்டுபோனாரா, உடைத்தாரா, விடுதியைக் காலிசெய்தபோது யாருக்காவது விற்றாரா என்று எனக்குத் தெரியாது. போர் முடியும்வரை, வாசலில் யாராவது தட்டினால், இருபது வீட்டாரின் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக என் மனத்தில் ஓடும். கதவைத் திறப்பதற்குள் எல்லாப் பெயரையும் சொல்லி முடித்துவிடுவேன்.